மாடி அறைக்கு வைஃபை வரவில்லையா? வாசகர் கேள்வி பதில்

வீட்டில் இரண்டாவதாக ஒரு வைஃபை கருவி வாங்கிப் பொருத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கீழும் மேலுமாக இரண்டு தளம் உள்ள வீடு. ஃபைபர் மோடம் கீழே ஹாலில், வாசல் ஜன்னல் ஓரம் இருக்கிறது. மாடியில் மகன் படிக்கும் அறையில் ஒரு கோடுதான் காட்டுகிறது. வீடியோ வகுப்பு விட்டு விட்டு வருகிறது. பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – காரைக்குடி வாசகர்

பதில்: வேண்டாம். ரிப்பீட்டர் தன்னிடம் வந்து சேர்வதைத்தான் திருப்பிச் சொல்லும். மகன் அறையில் செருகினால் அதற்கே ஒரு கோடுதான் கிடைக்கும். போனில் நான்கு கோடும் நிறைந்து தெரியும். ஆனால் அது போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் உள்ள நிலவரம். ரிப்பீட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள திணறல் போனில் தெரியாது. விலை குறைந்த ரிப்பீட்டர்கள் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புபவை. ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு தடவை போகிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

உங்களுக்கு வேண்டியது ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் கருவி. மோடத்திலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் மாடிக்குப் போகும். அதன் முனையில் இந்தக் கருவி உட்காரும். உங்கள் வீட்டில் சிக்னலைத் தின்பது தூரம் இல்லை, நடுவில் இருக்கும் காங்கிரீட் தளமும் அதற்குள் கட்டம் கட்டமாகக் கட்டிய கம்பியும்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பெரும்பாலும் தங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தாண்டும். உங்கள் மகன் பார்க்கும் அந்த ஒரு கோடு அதுவாகத்தான் இருக்கும். தளத்தைத் தாண்டும் வேலையைக் கேபிளிடம் விட்டுவிட்டால், அறைக்குள் மட்டும் காற்றில் போனால் போதும்.

பணம் செலவழிக்கும் முன் மூன்று இடத்தில் வேகம் பாருங்கள். முதலில் லேப்டாப்பை மோடத்தில் கேபிளால் இணைத்து. இங்கேயே நீங்கள் கட்டணம் கட்டும் வேகம் வரவில்லை என்றால் பழுது நெட் கொடுப்பவர் பக்கம். எந்தக் கருவி வாங்கியும் பயன் இல்லை. அடுத்து, மோடத்திலிருந்து ஆறடி தள்ளி நின்று 5 கிகாஹெர்ட்ஸில். கடைசியாக மகன் அறையில். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை செயலி ஒன்றைப் போட்டால் சிக்னலை டிபிஎம் கணக்கில் காட்டும். அது மைனஸ் எண். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 65 வரை வீடியோ வகுப்புக்குப் பழுதில்லை. மைனஸ் 70-இல் திணறும். மைனஸ் 80 என்றால் பெயர் தெரியும், நெட் ஓடாது.

இன்னொன்று. மோடத்தை வாசல் ஜன்னலிலிருந்து எடுத்து வீட்டின் நடுவில், மாடிப்படிக்கு அருகில் வைத்துப் பார்த்தீர்களா? இப்போது அதன் சிக்னலில் பாதி தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சின்ன வீடாக இருந்தால் இந்த ஒரு மாற்றமே போதும். ஃபைபர் வயரை மட்டும் நீங்களே இழுக்கவோ மடக்கவோ வேண்டாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அழுத்தி மடித்தால் ஒளி கசியும், முறியவும் செய்யும். நெட் ஆளைக் கூப்பிட்டே நகர்த்துங்கள்.

கேள்வி: ஏஎக்ஸ் 1800, ஏஎக்ஸ் 3000 என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறார்கள். எங்கள் இணைப்பு 200 எம்பிபிஎஸ்தான். எதை வாங்குவது? வைஃபை 7 வரை காத்திருக்கலாமா? – திருப்பூர் வாசகர்

பதில்: ஏஎக்ஸ் என்பது வைஃபை 6 தலைமுறையின் குறி. அந்த எண் இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தைக் கூட்டி எழுதியது. 1800 என்றால் 2.4-இல் 574, 5-இல் 1201. கூட்டி, உருட்டி 1800. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும், அதிலும் நடைமுறையில் கிடைப்பது உச்சத்தில் பாதி சொச்சம். அப்படிப் பார்த்தாலும் ஒரு நல்ல 1800 கருவி அறைக்குள் 500-ஐத் தாண்டும். உங்கள் 200-க்கு அது தாராளம். 3000-இல் கூடுதலாக வருவது 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலம், அதாவது தகவல் போகும் பாதை அகலமாகிறது. உங்கள் போனும் லேப்டாப்பும் அந்த அகலத்தை ஏற்காவிட்டால் கொடுத்த காசு வீண். வைஃபை 7 சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. வீட்டில் அதை ஏற்கும் போன் இல்லாதவரை வைஃபை 6 வாங்கி நிம்மதியாக இருங்கள்.

பெட்டியின் பெரிய எண்ணைவிட அதன் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். நெட்வொர்க் துளை ஜிகாபிட்டா? முந்தைய தலைமுறையான வைஃபை 5-இன் விலை குறைந்த ஏசி 1200 மாடல்கள் பலவற்றில் துளை 100 எம்பிபிஎஸ்தான். காற்றில் 867 என்று விளம்பரம் இருக்கும், பின்னால் உள்ள துளையோ 100-க்கு மேல் வாங்காது. உங்கள் 200 எம்பிபிஎஸ் இணைப்பில் பாதி அங்கேயே அடைபடும்.

ரவுட்டரையே ஆக்சஸ் பாயின்ட் மோடில் வைக்கலாமா, கூரையில் மாட்டும் தட்டு வகை வாங்கலாமா என்பது அடுத்தது. ரவுட்டருக்குப் பக்கத்தில் பிளக் வேண்டும். கூரை வகைக்கு பிஓஇ உண்டு. அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் போகும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கூரை வகைக்குப் போங்கள். டிபி-லிங்க் ஒமாடா, யூபிக்விட்டி யூனிஃபை இரண்டும் வீடுகளில் அதிகம் மாட்டப்படுபவை. ஒமாடா தட்டுகளைத் தனியாகவே பிரவுசரில் திறந்து செட் செய்யலாம். யூனிஃபைக்கு முழு வசதியும் கிடைக்க கன்ட்ரோலர் மென்பொருள் வேண்டும். போன் செயலியில் அடிப்படை வேலைகள் மட்டும் முடியும்.

பிஓஇ வாங்கும்போது பெட்டியில் 802.3ஏஎஃப் என்று இருக்கிறதா பாருங்கள். துளை ஒன்றுக்கு 15.4 வாட் வரை தரும் தரநிலை அது. 802.3ஏடி என்றால் 30 வாட். இந்த இரண்டும் எதிரே இருப்பது பிஓஇ கருவிதானா என்று முதலில் சோதித்துவிட்டுத்தான் கரண்ட் விடும். பாசிவ் 24 வோல்ட் என்று எழுதிய இன்ஜெக்டர்கள் (நெட்வொர்க் கேபிளில் கரண்ட் ஏற்றும் சின்னப் பெட்டிகள்) அப்படிக் கேட்காமல் நேராகவே அனுப்பும். அதைத் தவறிப்போய் லேப்டாப்பில் செருகினால் துளை கருகலாம். தட்டோடு பெட்டிக்குள் இன்ஜெக்டர் வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எலக்ட்ரீஷியன் கேட் 6 கேபிள் இழுத்து மாடியில் ஆக்சஸ் பாயின்ட் மாட்டினார். 300 எம்பிபிஎஸ் இணைப்பில் மாடியில் எப்போது பார்த்தாலும் 93, 94தான். கீழே 300 வருகிறது. கருவியை மாற்றிவிடலாமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: கருவியைத் தொடாதீர்கள். எப்போது பார்த்தாலும் 93, 94 என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. வைஃபை பலவீனமாக இருந்தால் எண் 40, 120, 70 என்று ஆடும். 94-இல் ஆணி அடித்த மாதிரி நின்றால் கேபிள் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கேபிளுக்குள் எட்டு வயர். இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. ஜிகாபிட் ஓட நான்கு ஜோடியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகள் போதும். 4, 5, 7, 8-இல் ஒரு வயர் கனெக்டருக்குள் சரியாகப் பதியாவிட்டாலும் கருவிகள் இரண்டும் பேசிப் பார்த்து 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மோடத்தின் துளையருகே விளக்கு இருந்தால், அதன் நிறமோ மின்னும் விதமோ 100-க்கும் 1000-க்கும் மாறும் மாடல்கள் உண்டு. இல்லையென்றால் மாடியில் அந்தக் கேபிளை லேப்டாப்பில் செருகி, நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 100 என்றிருக்கிறதா 1000 என்றிருக்கிறதா பாருங்கள்.

100 என்றால் இரண்டு முனை கனெக்டரையும் வெட்டிவிட்டுப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெளி உறையை ஓர் அங்குலம் சீவி, வயர்களை விரித்து, கிளிப் கீழே பார்க்க இடமிருந்து வலமாக இந்த வரிசையில் வைக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். விரல்களுக்கு நடுவே தட்டையாகப் பிடித்து நேராக நீவி, முனையை ஒரே வெட்டாக வெட்டி உள்ளே தள்ள வேண்டும். கனெக்டரின் மூக்குப் பக்கம் பார்த்தால் எட்டுச் செம்புப் புள்ளிகளும் கண்ணாடிச் சுவரில் முட்டி நிற்பது தெரிய வேண்டும். ஏழுதான் தெரிகிறது என்றால் வெளியே எடுத்து மறுபடி வெட்டுங்கள். கிரிம்பிங் டூல் அழுத்திய பிறகு தவறு தெரிந்தால் அந்தக் கனெக்டர் குப்பைக்குத்தான். வெளி உறையும் கனெக்டருக்குள் நுழைந்து, பின்பக்க நாக்கு அதைக் கடித்துப் பிடிக்க வேண்டும். முறுக்குப் பிரிந்த பகுதி அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

பச்சை ஜோடி ஏன் நீலத்தைத் தாண்டி 3, 6 என்று பிரிந்து உட்காருகிறது என்று பல எலக்ட்ரீஷியன்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. நிறம் நிறமாக அடுத்தடுத்து வைத்து, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுகிறார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், எல்லாம் சரி என்று சொல்லிப் போய்விடுவார்கள். ஆனால் 3-உம் 6-உம் இப்போது வேறு வேறு முறுக்கைச் சேர்ந்த வயர்கள். முறுக்கினால் கிடைக்கும் பாதுகாப்பு போய்விட்டது. பத்தடியில் ஓடும், நூறடியில் தடுமாறும். விளக்கு டெஸ்டரால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்ணால்தான் வரிசை பார்க்க வேண்டும்.

இன்னொரு சந்தேகம் கேபிளின் மேலேயே. ஒரு வயரின் முனையைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். சுரண்டச் சுரண்டச் செம்பாகவே இருந்தால் நல்லது. வெள்ளி நிறம் எட்டிப் பார்த்தால் அது செம்பு பூசிய அலுமினியம். பெட்டியில் சிசிஏ என்று எழுதியிருப்பார்கள், எழுதாமலும் விற்பார்கள். மின்தடை கூடுதல், வளைத்தால் முறியும், பிஓஇ விட்டால் சூடாகும். சுவருக்குள் புதைக்கும் கேபிளில் இந்தச் சிக்கனம் வேண்டவே வேண்டாம். சுத்தச் செம்புக் கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். அலுமினியக் கேட் 6-ஐவிட அது எவ்வளவோ மேல். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணித்திருந்தால் வேகத்துக்கு மட்டுமில்லை, உயிருக்கும் ஆபத்து. தனி பைப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே மாடியில் வைக்க முடியுமா? ஒருமுறை செருகிப் பார்த்தேன், கீழே டிவியில்கூட நெட் நின்றுவிட்டது. – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: முடியும். நெட் நின்றதற்குக் காரணம், வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பித்ததுதான். ஒவ்வொரு கருவிக்கும் ஐபி எண் வழங்குவது டிஎச்சிபி. மோடமும் வழங்குகிறது, ரவுட்டரும் வழங்குகிறது. ரவுட்டரிடம் எண் வாங்கிய டிவி நெட்டுக்கு வழி கேட்டு ரவுட்டரிடமே போகிறது. அதற்கோ வழி தெரியாது.

முதலில் ரவுட்டரை ரீசெட் செய்து, பிரவுசரில் திறக்கும் அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லாத பழைய மாடலில் கையால் செய்ய வேண்டும், வரிசை மாறக் கூடாது. மோடத்தோடு இன்னும் இணைக்காமல், லேப்டாப்பை மட்டும் ரவுட்டரின் லேன் (LAN) துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் போடுங்கள். பிறகு ரவுட்டரின் லேன் ஐபியை மாற்றுங்கள். மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. மோடம் வழங்கும் எண்கள் 2-லிருந்தே தொடங்கினால், அந்த வரம்பை மோடத்துக்குள் போய் 10-லிருந்து என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் என்றாவது ஒரு போனுக்கு அதே எண் போய் மோதும். ரவுட்டர் மறுபடி எழுந்ததும் புதிய எண்ணில் உள்ளே நுழைந்து, கடைசியாக டிஎச்சிபியை அணையுங்கள். முதலிலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு எண் கிடைக்காமல் உள்ளேயே நுழைய முடியாது போகலாம்.

இப்போது மோடத்திலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். நிறம் வேறாக, தனியாக இருக்கும் வேன் (WAN) துளை காலியாகவே இருக்கட்டும். அதில் செருகினாலும் நெட் ஓடும். ஆனால் மாடி தனி வீடு மாதிரி ஆகிவிடும். மாடி போனிலிருந்து கீழே இருக்கும் பிரின்டரும் டிவியும் கண்ணில் படாது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே இரண்டு கேபிள் போட்டால் வேகம் கூடும் என்று நினைத்து யாரும் செய்யாதீர்கள். தகவல் சுற்றிச் சுற்றி வந்து வீட்டு நெட் முழுதும் உறைந்துவிடும்.

கேள்வி: இரண்டு கருவிக்கும் ஒரே பெயர் வைக்கலாமா? மாடியிலிருந்து இறங்கி வந்தாலும் போன் மாடிக் கருவியையே பிடித்துக்கொண்டு ஒரு கோட்டில் தொங்குகிறது. – மதுரை வாசகர்

பதில்: பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் ஒன்றாக வையுங்கள். சேனலை மட்டும் வேறாக வையுங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5-இல் கீழே 36, மேலே 149, அகலம் 80. 52-லிருந்து 144 வரை உள்ள சேனல்களை ரேடாரும் பயன்படுத்துவதால், கருவி கிளம்பும்போது குறைந்தது ஒரு நிமிடம் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் பேசும். நடுவில் ரேடார் போலத் தெரிந்தால் சட்டென்று சேனல் மாறும். வீட்டுக்கு அவை வேண்டாம்.

எந்தக் கருவியைப் பிடிப்பது என்று தீர்மானிப்பது உங்கள் போன். பழைய இணைப்பு ஓரளவு உயிரோடு இருக்கும்வரை அது விடாது. ஆகவே மாடிக் கருவி கீழ்த்தளம் வரை கத்தாதபடி செய்ய வேண்டும். பவரை நடுத்தர அளவுக்குக் குறையுங்கள், முதலில் 2.4-இல். இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் இரண்டு கருவி உள்ள வீட்டில் முழு பவர்தான் பெரும்பாலான தொங்கலுக்குக் காரணம். சிக்னல் பலவீனமான போனைக் கருவியே கழற்றிவிடும் குறைந்தபட்ச சிக்னல் வரம்பு என்ற வசதி இருந்தால் மைனஸ் 75-இல் வையுங்கள். போன் ஒரு கருவியிலிருந்து மற்றதற்கு மாற உதவும் 802.11கே, வி இரண்டையும் இயக்கலாம். அந்த மாற்றத்தை வேகமாக்கும் 802.11ஆர் இயக்கியதும் பழைய கருவி ஏதாவது இணைய மறுத்தால் அதை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: புதிய ஆக்சஸ் பாயின்ட் வந்த பிறகு ஸ்மார்ட் பல்பும் பழைய பிரின்டரும் சேர மாட்டேன் என்கின்றன. – சேலம் வாசகர்

பதில்: பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கும். டபிள்யூபிஏ2/3 கலப்பு என்று மாற்றுங்கள். அப்போதும் சேராவிட்டால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். பழைய பாதுகாப்பு முறையான டிகேஐபி பக்கம் போகாதீர்கள், வேகம் 54 எம்பிபிஎஸ்ஸில் முடங்கும். பல்புகளில் பெரும்பாலானவை 2.4 மட்டும் தெரிந்தவை. செட் செய்யும் நேரத்துக்கு 5-ஐ அணைத்துவிட்டு, சேர்ந்ததும் இயக்குங்கள்.

கேள்வி: தோட்டத்துக்கு அந்தப் பக்கம் அம்மா இருக்கும் வீட்டுக்குக் கேபிள் இழுத்திருந்தோம். ஐப்பசி இடியில் மோடம், ஆக்சஸ் பாயின்ட் இரண்டும் போய்விட்டன. கரண்ட் போனாலும் நெட் போகிறது. – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: மின்னல் கேபிளின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே திறந்தவெளியில் ஓடும் செம்பு வயரில் பல நூறு வோல்ட் எகிறும். அது இரண்டு முனையிலும் உள்ள துளைகளைத் தாக்கும். இரண்டு கட்டடங்களின் எர்த்தும் வேறு வேறாக இருப்பது கூடுதல் கேடு. ஆகவே திறந்தவெளியில் செம்பு வேண்டாம். வெளிப்புற ஃபைபர் கேபிள் ஒன்றும், ஃபைபரின் ஒளியைச் செம்புக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் மீடியா கன்வர்டர் ஒரு ஜோடியை இரு முனையிலும் போடுங்கள். கேபிளுக்குள் தாங்கு கம்பியோ உலோக உறையோ இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடியில் கரண்ட் ஓடாது. அம்மா வீட்டில் கன்வர்டரிலிருந்து ஆக்சஸ் பாயின்ட் வரை உள்ள இரண்டு மூன்று மீட்டர் மட்டும் செம்பு. அதே வீட்டுக்குள் மொட்டை மாடி வழியாகக் கேபிள் சுற்றிப் போனாலும் இதே ஆபத்து உண்டு. படிக்கட்டுப் பக்கமாக உள்ளே கொண்டுபோங்கள்.

கரண்ட் போகும்போது: மோடம் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் என்றால் அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள மினி யுபிஎஸ் போதும். 9 வோல்ட் கருவிக்கு 12 கொடுத்துவிடாதீர்கள். பிஓஇ இன்ஜெக்டர் பெரும்பாலும் 48 வோல்ட் வாக்கில் கொடுப்பது, மினி யுபிஎஸ்ஸில் ஓடாது; அதை இன்வர்ட்டர் லைனில் செருகுங்கள். இன்ஜெக்டரை மோடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால் ஒரே இன்வர்ட்டர் பாயின்ட் கீழ்த்தளத்தையும் மாடியையும் தாங்கும். கரண்ட் போன நொடியில் மோடம் அணைந்து எழுந்தால், இன்வர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்சை யுபிஎஸ் மோடுக்கு மாற்றிப் பாருங்கள். மாறும் நேரம் குறையும்.

கேள்வி: ஆக்சஸ் பாயின்ட்டைப் பீரோ மேல் வைக்கலாமா? பரணில்? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: இரும்புப் பீரோவும் அதில் பதித்த கண்ணாடியும் சிக்னலைத் தடுத்துத் திருப்பும், வேண்டாம். பரணில் பாத்திரங்களுக்கு நடுவே வைத்தாலும் அதே கதை. தட்டு வகை தன் முகம் பார்க்கும் திசையில்தான் அதிகம் அனுப்பும். ஆகவே கூரையின் நடுவில், முகம் கீழே பார்க்க. சுவரில்தான் இடம் என்றால், பயன்படுத்தும் அறையைப் பார்த்தபடி இருக்கட்டும். சுழலும் ஃபேனுக்கு நேர் மேலே வேண்டாம்.

கேள்வி: மாடிக் கருவியிலேயே கெஸ்ட் வைஃபை போட்டேன். வந்தவர் போனில் எங்கள் பிரின்டர் தெரிகிறது. இரவில் எல்லாவற்றையும் அணைப்பது நல்லதா? – ஈரோடு வாசகர்

பதில்: ரவுட்டர் மோடில் கெஸ்ட் தனியாகப் பிரிந்திருக்கும், ஆக்சஸ் பாயின்ட் மோடில் பல மாடல்களில் பெயர் மட்டும் வேறு, உள்ளே ஒரே நெட்வொர்க். கெஸ்ட் பகுதியில் லோக்கல் நெட்வொர்க் அணுகலைத் தடுக்கும் குறி இருந்தால் போடுங்கள். அது இல்லாத மாடலில் விஎல்ஏஎன் (ஒரே கேபிளில் ஓடும் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் வசதி) வேண்டும், அதை மோடமும் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் கீழே உள்ள மோடத்தின் கெஸ்ட் வைஃபையை மட்டும் விருந்தாளிக்குக் கொடுங்கள், மாடியில் வேண்டாம்.

இரவில் அணைக்கத் தேவையில்லை. 8 வாட் எடுக்கும் கருவி மாதம் முழுவதும் ஓடினாலும் ஆறு யூனிட்டைத் தாண்டாது. தானாக வரும் மென்பொருள் புதுப்பிப்புகளை அதிகாலை 3 மணிக்கு என்று குறித்துவைத்தால், வகுப்பு நடக்கும் நேரத்தில் கருவி அணைந்து எழாது.